ஆறு குடும்பம், ஒரு வேன், தாளவாடித் தோட்டம்

(2025 பிப்ரவரியில் நடந்த கூட்டமைப்புப் பொதுக்குழுவில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நாங்கள் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு எழுதி முடித்து நோட்டை மூடும்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "எல்லாம் சரி, குழுப் பணத்துல ஊர் சுத்திட்டு வந்தீங்களாமே, அந்தக் கணக்கு எங்கே?" கேட்டவர் கோபமாகத்தான் கேட்டார். கேட்டது சரிதான். அதனால்தான் இன்றைக்கு வேறு விஷயம் எதுவும் பேசாமல் டிசம்பர் மாதம் போய்வந்த அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறோம். நல்லதையும் சொல்கிறோம், நாங்கள் சொதப்பியதையும் சொல்கிறோம். கணக்கும் சொல்கிறோம்.

முதலில் கணக்கு. அதை வைத்துக்கொண்டு மற்றதைப் பேசினால் உங்களுக்குக் காது கொடுக்கத் தோன்றாது.

குழுவின் பொதுச் சேமிப்பில் இருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. சிறுமலை அடிவாரத்தில் இருக்கிற மூன்று குழுக்களில் இருந்து ஆறு குடும்பங்கள் சேர்ந்து 2024 மார்ச் மாதத்தில் தனியாக ஒரு சீட்டு நோட்டுப் போட்டார்கள். வாரம் 150 ரூபாய், 40 வாரம். ஒரு குடும்பத்துக்கு 6,000 வீதம் மொத்தம் 36,000 சேர்ந்தது. நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம், எங்கள் சாப்பாடு தங்கலுக்கு 1,600 கொடுத்தோம். ஆக 37,600. செலவு என்னவென்றால், நாலு நாளைக்கு வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து 19,500. தோட்டத்தில் தங்கவும் சாப்பிடவும் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400, பிள்ளைக்கு 200. பெரியவர்கள் 16 பேர், பிள்ளைகள் 7 பேர், இரண்டு நாளைக்கு 15,600. டிரைவருக்கு அந்த வீட்டில் காசு வாங்கவில்லை. வழியில் சமைக்க அரிசி, பருப்பு, எண்ணெய், காய் வாங்கியது 2,400. மொத்தம் 37,500. மீதி 100 ரூபாய் நோட்டுக்குள் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இதற்கு மேல் ஒரு 1,600 கைக்காசு செலவானது. அது எங்கள் தப்பால் வந்த செலவு. அதைப் பிறகு சொல்கிறோம்.

போன இடம் தாளவாடி. ஈரோடு மாவட்டத்தின் கடைசி மூலை. சத்தியமங்கலத்தில் இருந்து பண்ணாரி, அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் திம்பம், பிறகு ஆசனூர், அதற்கப்புறம் தாளவாடி. அந்தப் பக்கம் தாண்டினால் கர்நாடகாவின் சாம்ராஜ்நகர். மேலே ஏறிவிட்டால் சமவெளி மாதிரி விரிந்து கிடக்கிறது. ராகி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, மஞ்சள், வாழை என்று எல்லாம் விளைகிறது. வீட்டுக்குள் பாதிப் பேர் கன்னடம், வெளியே தமிழ்.

ஏன் அங்கே என்று கேட்கலாம். அங்கே ஒரு அக்கா தன் தோட்டத்திலேயே இரண்டு அறை கட்டி, வெளியூர்க் குடும்பங்களைத் தங்க வைத்து சாப்பாடு போட்டு வருமானம் பார்க்கிறார். அவரும் நம்மைப் போல ஒரு குழு உறுப்பினர். மகாராஷ்டிராவில் பாராமதிப் பக்கம் இதை இருபது வருசமாகச் செய்கிறார்கள், அந்த அரசாங்கம் 2020-ல் இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. ஆனால் பாராமதி வரைக்கும் நம்மால் போக முடியுமா? தாளவாடி என்றால் போகலாம் என்று தோன்றியது.

இந்தத் திட்டத்தை முதல்முதலில் சொன்னபோது ஒரு மாமியார் சொன்னது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. "விடிஞ்சா காடு, பொழுது போனா மாடு. இதுல காசு குடுத்து வேற ஒருத்தி காட்டுக்குப் போயிப் படுக்கணுமா?" எல்லாரும் சிரித்தார்கள். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மாவும் கடைசியில் வந்தார், முன் சீட்டில்.

கிளம்பும் நாள் டிசம்பர் 26, வியாழக்கிழமை. பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. காலை ஆறு மணிக்கு வேன் கிளம்பும் என்று எழுதி வைத்தோம். கிளம்பியது எட்டரை மணி. ஒரு வீட்டில் மாடு கறக்க வருகிறேன் என்று சொன்ன மச்சான் வரவில்லை. இன்னொரு வீட்டில் கணவர் கடைசி நேரத்தில் "நான் வரலை, நீங்க போங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அவரைக் கெஞ்சியது யார் தெரியுமா, அவருடைய எட்டாம் வகுப்பு மகள். பெண்கள் மட்டும் போகிற பயணமாக இருந்தால் இந்த வம்பு இருந்திருக்காது. ஆனால் குடும்பமாகப் போகவேண்டும் என்பது உறுப்பினர்களே எடுத்த முடிவு. "தனியாப் போனா திரும்பி வந்ததும் நாலு நாள் சோறு ஆக்காத பாவத்துக்கு நாலு மாசம் பேச்சு வாங்கணும்" என்றார் ஒரு அக்கா.

வழியில் ஓட்டலில் சாப்பிடுவதில்லை என்று முடிவு. 23 பேருக்கு மூன்று வேளை ஓட்டல் என்றால் கட்டுப்படியாகாது. ஒருவர் வீட்டு சிலிண்டரையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டிரைவர் ஏற்றவே மாட்டேன் என்று நின்றார். நல்ல மனுசன். ஆட்களை ஏற்றிய வண்டிக்குள் சிலிண்டர் வைத்துப் போவது எவ்வளவு ஆபத்து என்று அவர் சொன்னபிறகுதான் எங்களுக்கே உறைத்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, ஒரு சாக்கு விறகும் ஆறு செங்கல்லும் ஏற்றிக்கொண்டோம்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் காய் வாங்கினோம். தாராபுரம் தாண்டி ஒரு தோட்டத்தில் கேட்டுக்கொண்டு வேனை நிறுத்தினோம். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, வேப்ப மரம் இருந்தது. அங்கே ஒரு சட்டம் போட்டோம். இந்த ஒரு வேளை பெண்கள் யாரும் கரண்டி தொடக்கூடாது. ஆண்கள்தான் சமைக்கவேண்டும். தக்காளிச் சோறும் கத்தரிக்காய்க் கூட்டும். உப்பை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுவிட்டார்கள். அடி பிடித்தது. பெண்கள் மர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, "ஏங்க, தீயைக் குறைங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். சும்மா உட்காரத் தெரியவில்லை அவர்களுக்கு. ஒரு தங்கச்சி மட்டும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கிவிட்டது. எழுப்பிச் சாப்பாடு கொடுத்தபோது, "கல்யாணம் ஆகிப் பதினாலு வருசத்துல பகல்ல தூங்கி எந்திரிச்சதும் சோறு கிடைச்சது இன்னைக்குத்தான்" என்றது. உப்புக் கரித்தது என்று யாரும் குறை சொல்லவில்லை.

இடத்தைக் கூட்டி, தீயை அணைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பினோம். காங்கேயம், சென்னிமலை. சென்னிமலை பெட்ஷீட் உங்களுக்குத் தெரியும். அங்கே நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகள் இருக்கின்றன. ஒரு அம்மா நாலு பெட்ஷீட் வாங்கினார். "வந்த இடத்துல கடை விரிச்சாச்சா?" என்று எல்லாரும் கேலி செய்தோம். நேரமாகிறது என்று அவரை அவசரப்படுத்தியதும் நாங்கள்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் சாயும் நேரத்தில் கொடிவேரி. பவானி ஆற்றில் கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கிற அணை. அங்கிருந்துதான் தடப்பள்ளி வாய்க்காலும் அரக்கன்கோட்டை வாய்க்காலும் பிரிகின்றன. தண்ணீர் அருவி மாதிரி விழுகிறது. பிள்ளைகளை வெளியே இழுக்க முடியவில்லை. பிள்ளைகள் என்ன, அம்மாமார்களையே இழுக்க முடியவில்லை. அரை மணி நேரம் என்று சொன்னது ஒன்றரை மணி நேரம் ஆனது. சத்தியமங்கலம் வரும்போது ஒரு பையனுக்கு வாந்தி. ஈரத்தோடு வேர்க்கடலையும் பொரியும் தின்றிருக்கிறான். டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கி வரக் காத்திருந்ததில் நேரம் போய்விட்டது.

பண்ணாரி சோதனைச்சாவடிக்கு வந்தபோது மணி ஒன்பதே கால். கேட் மூடிவிட்டார்கள்.

அந்த மலைப்பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. ராத்திரியில் வண்டி மோதி மிருகங்கள் சாவதால், நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் இருந்து இரவுப் போக்குவரத்துத் தடையைக் கறாராக அமல்படுத்துகிறார்கள். சரக்கு வண்டிகளுக்கு மாலை ஆறு மணி முதல், கார் வேன்களுக்கு இரவு ஒன்பது மணி முதல், காலை ஆறு மணி வரை. இது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். எங்கள் நோட்டில் எழுதியே வைத்திருந்தோம். பகல் முழுவதும் நோட்டைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். காவலர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார்.

ஏழு பிள்ளைகள், அதில் ஒன்று வாந்தி எடுத்து வாடிக் கிடக்கிறது. இரண்டு வயதான அம்மாமார்கள். எங்கள் முகத்தைப் பார்த்தே அந்த முன்சீட்டு மாமியார் புரிந்துகொண்டார். "இதுக்கு எதுக்கு முழிக்கிறீங்க? ஆத்தா கோயில் இருக்கு, படுக்க இடமா இல்லை?" என்று இறங்கி நடந்துவிட்டார். பண்ணாரி மாரியம்மன் கோவில் பக்கம் பேசிப் பார்த்ததில் ஒரு கூரைக்கடியில் படுக்கச் சொன்னார்கள். தார்ப்பாயை விரித்தோம். டிசம்பர் பனி எலும்பில் ஏறியது. அப்போதுதான் அந்த நாலு சென்னிமலை பெட்ஷீட்டும் பிரிந்தது. ஏழு பிள்ளைகளும் அதற்குள்தான் தூங்கினார்கள். வாங்கிய அம்மா போர்த்தாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம், வேறு என்ன செய்ய?

கழிவறை வெளிச்சமான இடத்தில் இருந்தது, தண்ணீர் இருந்தது, அதனால் தப்பித்தோம். ஆனாலும் பெண்கள் ஒருவரை ஒருவர் எழுப்பி மூன்று மூன்று பேராகத்தான் போனார்கள். பயணம் போடுகிறவர்கள் எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை என்றுதான் எழுதுகிறோம். எங்கே இறங்கி ஒதுங்குவது என்று எழுதுவதில்லை. அதனால் பாதிப் பெண்கள் அன்றைக்குப் பகல் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் வந்திருக்கிறார்கள். அது இரவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. இனிமேல் போகிறவர்கள் முதலில் அதை எழுதுங்கள்.

மேலே தோட்டத்து அக்காவுக்குப் போன் போட்டுப் பார்த்தோம், கிடைக்கவே இல்லை. காலையில் வேன் மேலே ஏறி, ஆசனூர் தாண்டி, அவர் வீட்டு வாசலில் நின்றபோது மணி எட்டரை. அந்த அக்கா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்படித் திண்ணையில் ஒரு பெரிய குண்டானில் ராகிக் களி ஆறி இறுகிக் கிடந்தது. பக்கத்தில் மொச்சைக்கொட்டைக் குழம்பு. 24 பேருக்குச் செய்து வைத்துவிட்டு இரவு பன்னிரண்டு வரை வாசலில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "யானை கீனை மறிச்சிருச்சோன்னு பயந்துட்டேன்" என்றார்.

நம் பெண்களுக்கு அதைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. இருபத்து நாலு பேருக்குக் களி கிண்டுவது என்ன வேலை என்று அவர்களுக்குத் தெரியாதா? அவர் காசு வேண்டாம் என்றார். பெரியவர்கள் 16 பேரும் தலைக்கு 100 ரூபாய் போட்டு 1,600 கொடுத்தோம். நான் முதலில் சொன்ன கைக்காசு இதுதான். அந்தக் களியைக் கரைத்து மோர் விட்டு வெங்காயம் கடித்துக்கொண்டு அத்தனை பேரும் காலைச் சாப்பாடாகக் குடித்தோம். மாட்டுக்குப் போகவிருந்தது, மனுசருக்குப் போனது.

தோட்டம் நாலரை ஏக்கர். ஒரு பக்கம் முட்டைக்கோஸ், ஒரு பக்கம் வாழை, மீதி ராகி. ராகி அறுத்துப் போர் போட்டிருந்தார்கள். நாங்கள் போன அன்று களத்தில் தாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க என்று போனவர்கள் பத்து நிமிசம் நின்றார்கள். அதற்கப்புறம் முறத்தைக் கையில் எடுத்தாயிற்று. காற்றுப் பார்த்துத் தூற்றுவதில் நம்மூர்ப் பெண்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த ஊர்ப் பெண்கள் நின்று பார்த்தார்கள். முதலில் கேலி பேசிய மாமியார்தான் கடைசிவரை முறத்தைக் கீழே வைக்கவில்லை. தோட்டத்து அக்கா சிரித்துக்கொண்டே, "உங்களுக்குக் கூலி குடுக்கணுமா, நீங்க எனக்குக் குடுக்கணுமா?" என்றார்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மாடு காட்டுவதற்குத்தான் தோட்டத்தில் தங்கும் பயணம் என்று நாங்களும் நினைத்திருந்தோம். ஆனால் விவசாயம் செய்கிற பெண் இன்னொரு விவசாயப் பெண்ணின் காட்டுக்குள் நின்றால் அவள் பார்க்கிற பார்வையே வேறு. இத்தனை அடிக்கு ஏன் பாத்தி, சொட்டுநீர்க் குழாயை எலி கடிக்காதா, கோஸுக்கு எத்தனை முறை மருந்து, மாட்டுக்கு அடர்தீவனம் என்ன விலை என்று கேள்வி கேட்டுக்கொண்டே போனார்கள். அந்த அக்காவுக்கும் இதுவரை வந்த விருந்தாளிகளில் யாரும் இப்படிக் கேட்டதில்லையாம். கோஸ் விலை பற்றிக் கேட்டபோது மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஒரு முறை விலையே இல்லாமல், வெட்டுக்கூலிக்குக்கூட வராது என்று விளைந்த கோஸை டிராக்டர் விட்டு உழுதிருக்கிறார்கள்.

முன்சீட்டில் எங்கள் டிரைவர் சும்மா வரவில்லை. "வீரப்பன் காலத்துல இந்தப் பக்கம் வாடகைக்கே வரமாட்டோம்" என்று ஆரம்பித்து, 2000-ம் வருசம் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போன தொட்டகாஜனூர் இங்கேதான் என்று காட்டினார். 108 நாள் காட்டுக்குள் வைத்திருந்த கதையை வயசானவர்கள் எல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு அது யார் என்றே தெரியவில்லை.

பிள்ளைகளுக்காக ஒரு கூடாரம் எடுத்துப் போயிருந்தோம். வாழைத் தோப்பு ஓரத்தில் அடிக்கலாம் என்று இடம் பார்த்தார்கள். வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். வீட்டு முற்றத்தில்தான், சுவர் ஓரமாகத்தான். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அன்று இரவு ஒரு மணிக்கு ஏன் என்று எல்லாருக்கும் புரிந்தது.

முதலில் தூரத்தில் பட்டாசுச் சத்தம். பிறகு பரணில் இருந்து ஆட்கள் கூச்சல், டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும். அந்த அக்கா எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடியில் ஏறினார். "நீங்க உள்ளேயே இருங்க, பிள்ளைகளை உள்ளே எடுங்க" என்று மட்டும் சொன்னார். குரலில் பதற்றமே இல்லை. கூடாரத்தில் இருந்த பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து அறையில் போட்டோம். அரை மணி நேரத்தில் சத்தம் அடங்கியது. யாருக்கும் தூக்கம் வரவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்தில் வாழை முப்பதுக்கு மேல் சாய்ந்து கிடந்தது. ஈர மண்ணில் கால்தடம். வீட்டுக்காரர் ஒரு கயிற்றால் முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்து, அதை இரட்டிப்பாக்கி, "இவ்வளவு உசரம்" என்று தூக்கிக் காட்டினார். தடத்தின் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு யானையின் தோள் உயரம் இருக்குமாம். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வாழைக்காரர் வீட்டுப் பெண் வரப்பில் உட்கார்ந்து சாய்ந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நம் பெண்கள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கத்தில் விவசாயிகளைக் கொன்ற கருப்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில்தான் கும்கிகளை வைத்துப் பிடித்தார்கள். அகழி வெட்டியிருக்கிறார்கள், சூரிய மின்வேலி போட்டிருக்கிறார்கள். மின்வேலி என்றதும் நம்மூரில் சிலர் பன்றிக்குக் கொக்கி போட்டுக் கம்பியில் கரண்ட் விடுவது ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு. சூரிய வேலி சுண்டி விரட்டும், கொல்லாது. திருட்டுக் கரண்ட் கொல்லும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று பெண் யானைகள் ஒரே இடத்தில் செத்தது அப்படித்தான். நம்மூர்க் காடுகளில் ஆட்களும் சாகிறார்கள். யார் வீட்டிலாவது அந்தப் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் முற்றத்தில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்தோம். அப்போதுதான் அந்த அக்கா தன் கதையைச் சொன்னார். கட்டியது குழுக்கடனில்தான். வீட்டுக்காரருக்கு முதலில் இஷ்டமில்லை. "எவனெவனோ வந்து வீட்டுல படுப்பானா?" என்றிருக்கிறார். குடும்பமாக வருகிறவர்களுக்கு மட்டும்தான், குடிக்கக் கூடாது, இரவு கேட்டைத் தாண்டக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டு ஆரம்பித்திருக்கிறார். நன்றாகப் போன நேரத்தில் 2020 ஊரடங்கு. ஒரு ஆள் வரவில்லை, தவணை நிற்கவில்லை. குழுவில் மற்றவர்கள் கொஞ்ச மாதம் தாங்கியிருக்கிறார்கள். "அவங்க தாங்கலைன்னா இந்த ரூமை வித்துக் கட்டியிருப்பேன்" என்றார்.

நம் பெண்கள் விடுவார்களா? நம்மூரில் இப்படிச் செய்தால் நடக்குமா என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம். "ரூம் கட்டறதுக்கு முன்னாடி கக்கூஸ் கட்டுங்க. வீட்டுல என்ன சாப்பிடறீங்களோ அதையே போடுங்க, பரோட்டா போடறேன்னு கிளம்பாதீங்க. வெள்ளாமையை விட்டுட்டு இதை நம்பாதீங்க. யானை வந்தா வருசக் கூலி போச்சு, நீங்க வந்தா இந்த மாசம் ஓடுது, அவ்வளவுதான் இது." காசு வாங்கிச் சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், தங்க வைக்க உள்ளூராட்சியிலும் சுற்றுலாத் துறையிலும் கேட்டுக்கொள்ள வேண்டும், காட்டோரம் என்றால் வனத்துறை விதிகளும் உண்டு. அதற்கெல்லாம் அலைந்த பஸ் டிக்கெட்டை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதையும் எடுத்துக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது பகல். மலைப்பாதையில் எங்கேயும் நிறுத்தவில்லை, குரங்குக்கு எதுவும் போடவில்லை. இருட்டுமுன் ஊர் வந்துவிட்டோம்.

இப்போது சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறோம், பெயர் வேண்டாம்.

அந்த ஆறு குடும்பத்தில் ஒரு தங்கச்சி 11 வாரம் தவணை கட்டவில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் 1,650 ரூபாயையும் மொத்தமாகக் கொண்டுவந்து கட்டியது. நாங்கள் "பரவாயில்லையே" என்று கைதட்டினோம். எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜனவரியில் தெரிந்தது, வாரவட்டிக்காரரிடம் வாங்கியிருக்கிறது. 2,000 என்று எழுதிக்கொண்டு கையில் 1,700 கொடுத்திருக்கிறார். வாரம் 200, பத்து வாரம். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எல்லாப் பிள்ளையும் வேன்ல ஏறும்போது எம் பிள்ளை மட்டும் வாசல்ல நிக்கிறதை என்னால பாக்க முடியாதுக்கா" என்றது.

வட்டியை ஒழிக்கத்தான் நாம் குழுவே ஆரம்பித்தோம். அந்தப் பயணத்தாலேயே ஒரு பெண் வட்டிக்குப் போனாள் என்றால் அது அவள் தப்பு இல்லை. வாரம் 150 எல்லாராலும் முடியுமா என்று நாங்கள் கேட்டபோது கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டத்தில் எந்தப் பெண் முடியாது என்று சொல்வாள்? தனியாக வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். குழு உடனே கூடி, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் உள்கடன் கொடுத்து அந்த வாரவட்டியை முடித்துவிட்டது. இனி போகிறவர்கள் தவணையை 50, 100, 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவாகக் கட்டுகிறவருக்கு இரண்டு வருசத்தில் பயணம் வரும். பரவாயில்லை, தாளவாடி எங்கேயும் போய்விடாது. கடைசி மாதத்தில் மொத்தமாகக் கட்ட வந்தால் வாங்காதீர்கள், முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. தாளவாடி அக்காவின் குழுவில் இருந்து போன வாரம் போன் வந்தது. மே மாதம் மாங்காய் சீசனில் அவர்கள் நம் ஊருக்கு வருகிறார்கள். 19 பேர், அதில் பிள்ளைகள் ஆறு. நத்தம் மாந்தோப்பு பார்க்கவேண்டுமாம், சிறுமலை ஏறவேண்டுமாம். இரண்டு இரவு தங்கல். தலைக்கு அதே 400, பிள்ளைக்கு 200 கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். தோப்பு வீடு ஒன்று இருக்கிறது, களம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. கழிவறை ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் கதவு சரியில்லை. தண்ணீர்த் தொட்டி பார்க்கவேண்டும், களி கிண்ட ஆள் வேண்டும். அந்த மாமியார் தன் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டார், தூற்றுவதற்கு ஒன்றும் இல்லையே என்றுதான் அவருக்குக் குறை. மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் பெயர் கொடுங்கள். கதவு வேலை தெரிந்த வீட்டுக்காரர் இருந்தால் அவர் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.